முழுநேர இஸ்லாமியத் தொடக்கப் பள்ளி: சேர்க்கை ஏடு சொல்வதும் கால அட்டவணை செய்வதும்

காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மதரஸா என்று பிள்ளை இரண்டு இடத்துக்கு ஓட வேண்டாம். உலகக் கல்வியையும் மார்க்கக் கல்வியையும் சேர்த்தே தருகிறோம். முழுநேர இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிகள் பெற்றோருக்குக் கொடுக்கும் வாக்கு இதுதான். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை குர்ஆன் ஓதல், அரபு, தீனிய்யாத் என்ற மார்க்கப் பாடம், லுஹர் ஜமாஅத் என்ற நண்பகல் கூட்டுத் தொழுகை. இவற்றோடு வழக்கமான மொழி, கணக்கு, அறிவியல். சேர்க்கை ஏட்டைத் திறந்தால் இஸ்லாமிய விழுமியங்களின் அடிப்படையில் கல்வி என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான சிந்தனை இருக்கிறது. அதை வைத்தே இந்தச் சேவையை எடை போடுவதுதான் நியாயம். வெளியிலிருந்து வேறோர் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. அவர்களே முன்வைத்த அளவுகோல் போதும், அது கடுமையானதும்கூட.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இவ்வகைப் பள்ளிகள் தகவலை நன்றாகக் கொடுக்கின்றன. பழக்கத்தைப் பாதி கொடுக்கின்றன. அதபு எனும் ஒழுக்கப் பண்பைப் பெரும்பாலும் சுவரில் எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. நிர்வாகத்தின் எண்ணத்தில் குறை இருப்பது அரிது. குறை இருப்பது பாடவேளையின் நிமிடக் கணக்கில், குழாய்களின் எண்ணிக்கையில், ஒரு உஸ்தாதிடம் (மார்க்க ஆசிரியரிடம்) எத்தனை பிள்ளைகள் என்பதில். தத்துவம் தோற்பது இத்தகைய சின்ன இடங்களில்தான். அதனால் இந்த மதிப்புரையும் அங்கேயே அதிக நேரம் நிற்கிறது.

கல்வி என்பதைக் குறிக்க இஸ்லாமிய மரபில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. தஃலீம் என்றால் அறிவைக் கற்றுக்கொடுப்பது. தர்பிய்யத் என்றால் ஒரு பயிரைப் போலப் படிப்படியாகப் பேணி வளர்ப்பது. தஃதீப் என்றால் அதபு ஊட்டுவது. 1977இல் மக்காவில் நடந்த முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாட்டில் இந்தச் சொற்களைப் பற்றியே ஆழமான விவாதம் நடந்தது. தஃதீப் என்ற சொல்லே கல்வியின் முழுப்பொருளையும் தாங்கும் என்று மலேசியச் சிந்தனையாளர் சையது முஹம்மது நகீப் அல்அத்தாஸ் வாதிட்டார். அவர் பார்வையில் அதபு வெறும் பணிவல்ல. எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்று அறிந்து, அதை அதற்குரிய இடத்தில் வைப்பது. ஒன்றை அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதே அநீதி. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை விரிவுரையாகச் சொல்ல முடியாது. செருப்பு எங்கே, குர்ஆன் எங்கே, எப்போது பேச்சு, எப்போது மௌனம் என்று கையால் செய்யவைத்துத்தான் சொல்ல முடியும்.

இன்னும் இரண்டு அடித்தளங்கள் உண்டு. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா என்ற இயல்பான தூய நிலையில் பிறக்கிறது என்பது நபிமொழி. ஆகவே பிள்ளை அடக்கி ஒடுக்க வேண்டிய காட்டு விலங்கல்ல. ஏற்கெனவே நன்மையின் பக்கம் சாய்ந்து நிற்கும் உள்ளம். அடுத்தது வஹீயின், அதாவது இறைச்செய்தியின், தொடக்கம். முதலில் இறங்கிய ஐந்து ஆயத்துகளில் (வசனங்களில்) ஓதுக என்ற கட்டளையும், எழுதுகோலும், கருவில் மனிதன் உருவானதும் ஒரே மூச்சில் வருகின்றன. ஓதுவதும் எழுதுவதும் படைப்பை உற்றுப் பார்ப்பதும் வேறு வேறு துறைகள் என்ற பிரிப்பு அந்த ஐந்து ஆயத்துகளில் இல்லை. ஒருங்கிணைந்த கல்வி என்ற வாக்குறுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

குர்ஆன் வகுப்பு

இந்தச் சேவையில் பெற்றோர் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். கணக்கு எளிது. பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 30 பிள்ளைகள், உஸ்தாத் ஒருவர். ஆளுக்குக் கிடைப்பது 80 வினாடி. அந்த 80 வினாடிக்குள் நேற்றைய பாடத்தைக் கேட்டு, பிழை திருத்தி, இன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுக்க எவராலும் முடியாது. ஆகவே என்ன நடக்கிறது? எல்லாரும் ஒரே குரலில் ஓதுகிறார்கள். தூரத்திலிருந்து கேட்டால் நெஞ்சு நிறையும். ஆனால் அந்தக் கூட்டுக் குரலில் ஏழெட்டுப் பேர் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். அவர்களின் பிழை மூன்றாம் வகுப்பு வரை யார் காதிலும் விழாது. அதற்குள் அது நாக்கில் உறைந்துவிடும். உறைந்த பிழையைக் கரைப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடப் பல மடங்கு வேலை.

நல்ல பள்ளியில் குர்ஆன் நேரத்தில் மட்டும் வகுப்பைக் கலைத்து, வயதைப் பாராமல் ஓதும் நிலையைப் பார்த்து எட்டு எட்டுப் பேராகப் பிரிக்கிறார்கள். 40 நிமிடத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒருவர் ஓதிக்கொடுக்கும்போது மற்ற ஏழு பேர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு உஸ்தாதுகள் அதிகம் தேவை, ஆகவே செலவும் அதிகம். கட்டணம் எங்கே போகிறது என்று கேட்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். குளிர்சாதன வகுப்பறை, பளிங்குத் தரை இவையெல்லாம் பிறகு.

திருத்தத்திலும் வரிசை உண்டு. குர்ஆனைச் சரியாக உச்சரித்து ஓதும் தஜ்வீத் கலையில் பிழைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். பொருளையோ சொல்லின் வடிவத்தையோ கெடுக்கும் வெளிப்படையான பிழை ஒன்று. ஓசையின் நுணுக்கத்தில் மட்டும் வரும் மறைவான பிழை மற்றொன்று. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் அன்அம்த என்பதை அன்அம்து என்று ஓதினால், நீ அருள்புரிந்தாய் என்பது நான் அருள்புரிந்தேன் என்று ஆகிவிடுகிறது. இதை உடனே நிறுத்தித் திருத்தியாக வேண்டும். ஆனால் குன்னா என்ற மூக்கொலியை எத்தனை ஹரகத் (ஓசை அளவு) நீட்டினான் என்று ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் அவன் ஓதவே அஞ்சுவான். முதல் இரண்டு ஆண்டு வெளிப்படையான பிழைகள் மட்டும், மூன்றாம் ஆண்டிலிருந்து நுணுக்கம் என்று பிரித்துக்கொண்ட இடங்களில் பிள்ளைகள் குரல் திறந்து ஓதுகிறார்கள்.

தமிழ் எழுத்தில் ஸூராக்களை (குர்ஆன் அத்தியாயங்களை) அச்சிட்டுக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே கறாராகச் சொல்ல வேண்டும். அதை நிறுத்திவிடுவது நல்லது. அவசரத்துக்கு உதவும் என்றுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அரபியில் இதயத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் ஒரே ‘கல்பு’தான். எல்லாம் அறிந்தவன் என்பதும் அலீம், துன்புறுத்தும் வேதனையைச் சொல்லும் சொல்லும் அலீம். ஐன் எது, அலிஃப் எது என்று அந்தத் தாள் காட்டாது. முதல் ஆறு மாதம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, அரபு எழுத்தைப் பார்த்தே ஓதட்டும். தொண்டை எழுத்துகளான ஐன், பெரிய ஹா, கைன் ஆகியவற்றுக்குக் கண்ணாடியும் விரலும் வைத்துப் பழக்கும் உஸ்தாத் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மனனத்தில் அவசரம்தான் பெரிய நோய். குர்ஆனின் முப்பது பாகங்களில் கடைசியான 30ஆவது ஜுஸ்உவில் இருப்பவை 37 ஸூராக்கள், 564 ஆயத்துகள். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தால் ஐந்து ஆண்டில் 1000 நாள். ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரே ஓர் ஆயத்து என்று போனால்கூட 400 நாளுக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் பொருள் சொல்வதற்கும் திருப்பிப் பார்ப்பதற்கும் உரிய நேரம். அப்படியிருக்க, இரண்டாம் வகுப்பிலேயே ஜுஸ்உ முடித்துவிட்டோம் என்று மேடையில் ஏற்றிப் பரிசு கொடுப்பது எதற்காக? நான்காம் வகுப்பில் அதே பிள்ளையிடம் அந்நாஸிஆத் ஸூராவை நடுவிலிருந்து எடுத்துக்கொடுத்துத் தொடரச் சொன்னால் திகைத்து நிற்பான்.

மனனத்துக்கான முறை மரபிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டி எழுதிய ஸர்னூஜி, தொடக்கப் பாடத்தின் அளவு இரண்டு முறை திருப்பினால் மனத்தில் நிற்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும் என்கிறார். திருப்பிப் பார்ப்பதற்கு அவர் தரும் கணக்கு இது: நேற்றைய பாடத்தை ஐந்து முறை, அதற்கு முந்தியதை நான்கு, அதற்கும் முந்தியதை மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. மொத்தம் ஒரு நாளைக்கு 15 முறை. சின்ன ஆயத்து என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பாடம் ஐந்து நாள் தொடர்ந்து நாக்கைத் தொட்டுவிட்டுத்தான் விலகுகிறது. இந்த அட்டவணையை ஓதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்த வகுப்புக்கும், வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருப்பிப் பார்க்கும் வகுப்புக்கும் இரண்டே மாதத்தில் வேறுபாடு தெரியும்.

பொருள் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. குர்ஆனைக் கற்பதற்கு முன் ஈமானை (இறைநம்பிக்கையை) கற்றோம், பிறகு குர்ஆனைக் கற்றோம், அதனால் ஈமான் கூடியது என்று நபித்தோழர் ஜுன்துப் (ரலி) சொன்ன செய்தி ஹதீஸ் (நபிமொழி) நூலில் இருக்கிறது. அவர் தம் சிறுவயதுக் காலத்தைப் பற்றித்தான் சொல்கிறார். பத்துப் பத்து ஆயத்தாகக் கற்று, அதன் பொருளையும் அமலையும் (செயலையும்) பழகாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டோம் என்ற செய்தியும் உண்டு. இதைப் பள்ளியில் எப்படிச் செய்வது? அல்மாஊன் ஸூராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆயத்து. அநாதையை விரட்டுவது, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாமை, சின்ன உதவிப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பது. அந்த வாரம் முழுக்க வகுப்பில் ரப்பர், பென்சில், கூர்மைப்படுத்தி கேட்டால் கொடுப்பது மட்டும்தான் பாடம். கடைசி ஆயத்து எதைச் சொல்கிறது என்று பிறகு தேர்வு வைக்க வேண்டியதே இல்லை.

ஒளுவும் ஜமாஅத்தும்

சேர்க்கை ஏட்டில் தினமும் லுஹர் ஜமாஅத் என்று இருக்கும். கால அட்டவணையில் அதற்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவுக்கு 30 பிள்ளைகள், ஆறு குழாய், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஐந்து சுற்று, 15 நிமிடம். செருப்பைக் கழற்றி அடுக்கி வரிசைக்கு வர ஐந்து நிமிடம். தொழுகைக்குப் பத்து நிமிடம். ஆக அரை மணி நேரம். ஏட்டில் 15 நிமிடம் மட்டும் ஒதுக்கியிருந்தால் ஒளுதான் பலியாகும். முகத்தை நனைத்துக்கொண்டு ஓடுவார்கள். குதிகால் காய்ந்தே இருக்கும். காய்ந்த குதிகாலைப் பற்றி நபி (ஸல்) எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்று தீனிய்யாத் வகுப்பில் படித்துவிட்டு, அதே நாளில் காய்ந்த குதிகாலோடு தொழ வைத்தால் பிள்ளைக்கு உண்மையில் கிடைக்கும் பாடம் எது?

ஒளுவைக் கற்பிக்க மிகச் சிறந்த கருவி முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று. நபி (ஸல்) முத்து என்ற பழைய அரபு முகத்தலளவை ஒன்றின் அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்ற ஹதீஸ் புகாரி தொகுப்பில் உண்டு. முத்தின் அளவு அறிஞர்கள் கணக்கில் சற்று ஏறி இறங்கும். வகுப்புக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் ஊற்ற, மற்றவர் செய்ய வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் காலுக்கு வருமுன்பே தண்ணீர் தீர்ந்துவிடும். காரணம் இரண்டு: விரல் இடுக்கு வழியாக ஒழுகவிடுவது, கையை முழங்கை வரை தேய்க்காமல் நீரை மட்டும் ஓடவிடுவது. உள்ளங்கையைக் குழித்துச் சேர்த்துப் பிடிக்கப் பழகியதும் மூன்றாம், நான்காம் தடவையில் மிச்சமே இருக்கும். பிறகு குழாயைத் திறந்துவைத்து ஒருவர் ஒளுச் செய்ய, கீழே வாளி வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பாடத்தில் ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) இருக்கிறது, மில்லி லிட்டர் கணக்கு இருக்கிறது, வீண்விரயம் கூடாது என்ற அதபும் இருக்கிறது. ஒருங்கிணைந்த கல்வி என்று ஏட்டில் எழுதியிருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஜமாஅத்தில் சின்னப் பிள்ளைகள் அசைவார்கள், சிரிப்பார்கள். வரிசையை விட்டு வெளியே அனுப்பிவைப்பது தவறு. பேரக் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தபடி நபி (ஸல்) தொழுதார்கள். குழந்தையின் அழுகை கேட்டுத் தொழுகையைச் சுருக்கினார்கள். பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை, பெரிய பிள்ளை என்று மாற்றி மாற்றி நிறுத்தினாலே பாதி சத்தம் அடங்கும்.

தொழுகை அட்டை

ஏறக்குறைய எல்லாப் பள்ளியும் தருவது, எல்லாப் பெற்றோரும் விரும்புவது. நாளுக்கு ஐந்து வேளைத் தொழுகை, ஆகவே வாரத்துக்கு 35 கட்டம், தொழுததும் நட்சத்திரம் ஒட்ட வேண்டும், மாதக் கடைசியில் பரிசு. கருவியாக இது நன்றாகத் தோன்றும். ஆனால் இந்தச் சேவையில் திரும்ப யோசிக்க வேண்டிய பகுதி எது என்று கேட்டால் இதையே சொல்வோம்.

என்ன கெடுகிறது? ஞாயிறு இரவு 35 கட்டமும் ஒரே மையில் நிரம்புகின்றன. தாய் கையெழுத்துப் போடுகிறார். தொழாத பிள்ளைக்கு முன்னால் இரண்டே வழிதான்: எல்லார் முன்னும் வெறும் அட்டையோடு நிற்பது, அல்லது பொய் ஒட்டுவது. ஏழு வயதில் பெரும்பாலும் எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் இந்தக் கண்ணியைத் துல்லியமாகச் சுட்டினார். கடுமையும் நெருக்கடியும் சிறுவரின் ஊக்கத்தை ஒடுக்கி, பொய்யையும் ஏமாற்றையும் பழக்கிவிடும். நாளடைவில் அதுவே குணமாகிவிடும் என்பது அவர் கண்டது. அவர் பேசியது தண்டனையைப் பற்றி. ஆனால் வகுப்புச் சுவரில் தொங்கும் வெறும் கட்டமும் தண்டனைதான். உண்மையாகவே தொழுத பிள்ளைக்கும் இது கெடுதல். நிய்யத் (எண்ணம்) நட்சத்திரத்தின் பக்கம் சாய்கிறது. இக்லாஸ் (இறைவனுக்காக மட்டும் செய்தல்) என்ற சொல்லை மூன்றாம் பாடத்தில் படித்துவிட்டு, பிறர் பார்க்க அமல் செய்வதை இங்கே பழகுகிறது.

இன்னொரு பிழை வயதில். ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள் என்பதுதான் நபிமொழி. பத்து வயதில்தான் கண்டிப்பு. இடையில் இருக்கும் மூன்று ஆண்டு முழுக்கப் பழக்கும் காலம். நாளுக்கு ஐந்து என்றால் 5,475 தடவை அன்பாக ஏவ இடமிருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் கையில் 35 கட்டம் கொடுப்பதற்கு அந்த நபிமொழியில் இடமே இல்லை.

இதற்கு மாற்று கடினமானதல்ல. முதல் வகுப்பில் அட்டையே வேண்டாம். பெரியவர்களோடு நின்றால் போதும். இரண்டாம் வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஒரு வக்த் (வேளைத் தொழுகை) மட்டும், அதுவும் பள்ளியிலேயே தொழும் லுஹர். அது ஊன்றியதும் வீட்டில் மஃரிப் (அந்தித் தொழுகை). ஸுப்ஹு (விடியல் தொழுகை) கடைசியில்தான். அட்டை வேண்டும் என்றால் அது பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். சுவரில் வேண்டாம், பரிசும் வேண்டாம். விட்டுப்போன வக்தைக் குறிக்கத் தனி அடையாளம் இருக்கட்டும். அதை மறைக்காமல் குறித்த பிள்ளையை உஸ்தாத் தனியே அழைத்து, உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டி, களாத் தொழுவது (விட்டதைப் பின்னர் நிறைவேற்றுவது) எப்படி என்று காட்டட்டும்.

பாடப்புத்தகமும் இணைப்பும்

தீனிய்யாத் புத்தகங்களின் அச்சும் படமும் நன்றாகவே வருகின்றன. ஆனால் ஐந்து ஆண்டுப் புத்தகங்களையும் வரிசையாக வைத்துப் புரட்டினால், ஐந்திலும் இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து, ஈமானின் அம்சங்கள் ஆறு, ஒளுவின் ஃபர்ளுகள் (கட்டாயக் கடமைகள்). பக்கம் கூடுகிறது, ஆழம் கூடவில்லை. ஒரு கலையை மூன்று சுற்றில் கற்பிக்க வேண்டும் என்றவரும் இப்னு கல்தூன்தான்: முதல் சுற்றில் சாரம், இரண்டாம் சுற்றில் விளக்கமும் கருத்து வேறுபாடுகளும், மூன்றாம் சுற்றில் சிக்கலான எதையும் விட்டுவைக்காமல் முழுமையும். திரும்ப வருவது குறையல்ல. முன்பு வந்தபடியே திரும்ப வருவதுதான் குறை. ஒளுவையே எடுத்துக்கொண்டால், முதல் வகுப்பில் உஸ்தாதோடு சேர்ந்து செய்வது, மூன்றாம் வகுப்பில் எது ஃபர்ளு எது சுன்னத் (நபிவழி) என்று பிரித்தறிவது, ஐந்தாம் வகுப்பில் முதல் வகுப்புப் பிள்ளைக்குச் செய்துகாட்டிக் கற்பிப்பது.

அறிவியல், கணக்கோடு இணைப்பது பற்றி. கூட்டல் கணக்கில் ஆப்பிளுக்குப் பதில் பள்ளிவாசல் படம் போடுவது இணைப்பு ஆகாது. அறிவியல் பாடத்தின் தலையில் ஓர் ஆயத்தை ஒட்டிவைப்பதும் ஆகாது. குறிப்பாக, இன்றைய அறிவியல் கருத்து ஒவ்வொன்றையும் குர்ஆன் முன்பே சொல்லிவிட்டது என்று நிரூபிக்கப் பாடுபடும் பக்கங்களை நீக்கிவிடலாம். கருதுகோள் நாளை மாறினால் பிள்ளையின் மனத்தில் ஆட்டம் காண்பது கருதுகோள் மட்டுமல்ல. இணைப்பு இயல்பாகவே நிகழும் இடங்கள் நிறைய உண்டு. தரையில் செங்குத்தாக 30 செ.மீ. குச்சியை நட்டு, மணிக்கொரு முறை நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகித் திரும்ப நீளத் தொடங்கும்போது லுஹர் தொடங்குகிறது. அந்தக் குறுகிய நிழலோடு இன்னும் 30 செ.மீ. கூடியதும், பெரும்பான்மை அறிஞர்கள் கருத்துப்படி, அஸர் (மாலைத் தொழுகை நேரம்). மேகம் வந்து மறைத்தால் அளவு தப்பும். குச்சி சாய்ந்திருந்தாலும் தப்பும், ஆகவே ஒரு நூலில் கல்லைக் கட்டித் தூக்குப் பார்த்துவிட்டு நட வேண்டும். பிறையைத் தினமும் வரைந்து மாதத்துக்கு நாள் 29ஆ 30ஆ என்று தாமே கண்டுபிடிப்பது நான்காம் வகுப்புக்கு. நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம் என்ற ஜகாத் (கட்டாயத் தர்மம்) கணக்கு ஐந்தாம் வகுப்புக்கு. வாரிசுரிமைப் பங்குகளை இந்த வயதில் தொடவே வேண்டாம்.

பயிற்சித்தாளைப் பற்றி யாரும் கவனிக்காத ஒன்று. 9ஆம் நூற்றாண்டில் துனிசியாவின் கைரவானில் வாழ்ந்த இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களுக்கான ஒழுங்குகளை எழுதினார். அதில், சிறுவர்கள் பலகையில் எழுதிய ஆயத்தைக் காலால் தேய்த்து அழிக்கக் கூடாது, அதற்கென உரிய முறையில்தான் அழிக்க வேண்டும் என்பது வரை பேசுகிறார். இன்றைய பள்ளியில் ஆயத்து அச்சிட்ட பயிற்சித்தாள்கள் மாலையில் குப்பைக்கூடையில் கிடக்கின்றன. வகுப்புக்கு ஒரு தனிப்பெட்டி வைத்து, நிறைந்ததும் உரிய முறையில் அப்புறப்படுத்தினால் தீர்ந்தது. அதபு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டுமா?

கண்டிப்பு

ஓதாமல் வந்தால் ஒரு ஸூராவை 20 முறை எழுது; பேசினால் 100 இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்பு வேண்டல்) சொல். இது வழக்கில் இருந்தால் அந்தப் பள்ளி மற்ற எதில் சிறந்திருந்தாலும் யோசிக்க வேண்டும். திக்ர் என்ற இறைநினைவைத் தண்டனையாக்கினால், பிள்ளையின் மனத்தில் அல்லாஹ்வின் பெயரும் அவமானமும் ஒன்றாக முடிச்சு விழுகிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பது அரிது. நரக நெருப்பைச் சொல்லிச் சின்னக் குழந்தையை மிரட்டுவதும் அப்படியே. அருளாளன், அன்பாளன் எனப் பொருள்படும் ரஹ்மான், ரஹீம் என்ற பெயர்கள் முதலில் மனத்தில் ஊறட்டும்.

மார்க்க அறிஞர் கஸ்ஸாலி சொல்லும் வரிசை இன்றும் அப்படியே பின்பற்றத் தக்கது. நல்ல செயலைக் கண்டால் பிறர் முன் பாராட்டு. முதல் தவறைக் காணாததுபோல் விடு, அதிலும் பிள்ளையே அதை மறைக்க முயன்றால் வெளிப்படுத்தாதே. மறுபடி செய்தால் தனியே கண்டி. ஓயாமல் கண்டிக்காதே, திட்டு பழகிவிட்டால் அதன் வலு போய்விடும். ஓதல் முடிந்து வந்த பிள்ளையை விளையாடவிடாமல் மேலும் படிப்பிலேயே அழுத்தினால் உள்ளம் செத்துவிடும், அறிவு மங்கிவிடும் என்றும் அவர் எழுதினார். 1111இல் மறைந்தவர் அவர். கால அட்டவணையில் பாடச்சுமைக்காக விளையாட்டு வேளையை வெட்டும் பள்ளி எந்த மரபைப் பின்பற்றுகிறது?

நற்குணத்துக்கு மதிப்பெண் போடுவது இன்னொரு தவறான பழக்கம். அக்லாக் 100க்கு 92 என்று தேர்ச்சி அறிக்கையில் வருகிறது. குறைந்த எட்டு எது? ‘கடன் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறான். தோற்றால் கோபப்படுகிறான், இந்தப் பருவத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது’ என்று இரண்டு வரி எழுதினால் தாய்தந்தைக்கு வேலை செய்ய ஏதாவது கிடைக்கும்.

துஆக்களை (வேண்டுதல்களை) வகுப்பில் மனனம் செய்யவைப்பதைவிட அந்தந்த இடத்தில் சொல்லிக்கொடுப்பதே மேல். தட்டில் கை அங்குமிங்கும் அலைந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவிடம் நபி (ஸல்) சொன்னது மூன்றே கட்டளை: அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு. நீண்ட அறிவுரை இல்லை. சாப்பாட்டின்போதே சொன்னார்கள். அதற்குப் பிறகு தாம் சாப்பிடும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்கிறார். ஆகவே மதிய உணவு நேரத்தில் ஓர் ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஓய்வறையில் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்றால் 40 துஆ மனனம் என்ற ஏட்டு வரிக்குப் பெரிய பயன் இல்லை.

ஆசிரியர்கள் விஷயத்தில் பெரும்பாலான பள்ளிகளில் ஒரு பிளவு இருக்கிறது. உஸ்தாதுகள் ஒரு பக்கம், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் ஒரு பக்கம். சம்பளமும் மரியாதையும் வேறு வேறு. பிள்ளைகள் இதைப் புத்தகத்தைவிட வேகமாகப் படித்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் இரு தரப்பும் சேர்ந்து அமர்ந்து, வரும் வாரத்தில் எந்த ஸூரா, எந்த அறிவியல் பாடம், எங்கே சேரும் என்று திட்டமிடும் பள்ளியில் மட்டும்தான் முன்சொன்ன நிழல் அளத்தலும் பாட்டில் கணக்கும் நடக்கின்றன.

சீருடை, கட்டடம், ஆண்டுவிழா ஆகியவை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு அரபு மொழி வகுப்பு பொதுவாகச் சுமார். வாரம் இரண்டு பாடவேளையில் அதற்கு மேல் வராது.

சேர்க்கைக்கு முன் பள்ளியைச் சுற்றிப் பார்க்க அழைத்தால், காலை அணிவகுப்பு நேரத்தில் போக வேண்டாம். அது ஒத்திகை பார்த்த நேரம். லுஹருக்குக் கால் மணி நேரம் முன்பு போய் ஒளுச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். குழாய் பிள்ளைகளின் உயரத்துக்கு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, கடைசியாக வரும் ஐந்து பேருக்கும் தொழுகை தொடங்குவதற்குள் நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளை ஒன்று சட்டைக் கையை மடிக்கத் திணறும்போது அதற்கு உதவப் பெரிய பிள்ளை யாராவது தானாக வருகிறதா, இல்லை ஆசிரியர் சத்தம் போட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெளியே வந்து செருப்பு வரிசையைப் பாருங்கள். கடைசியாக ஏதாவதொரு வகுப்பறைக்குள் போய்க் குப்பைக்கூடையை எட்டிப் பாருங்கள்.